ஞானப்பல் பிடுங்கிய படலம்

மனிதனுக்கு இயற்கை வகுத்த நிரந்தரப் பற்கள் 32. இவற்றுள் 28 பற்கள் ஒழுங்கான பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல உரிய காலத்தில் வந்து தத்தம் இடத்தில் நின்றுவிடுகின்றன. எஞ்சிய நான்கும் மணியடித்து வெகுநேரங் கழித்துப் படலையைத் தள்ளிக்கொண்டு வருபவை. 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் அவை வந்து சேரும்போது வாங்கிலே இடம் இருப்பதில்லை. ஆதலின் ஒன்று சரிந்து நிற்கும். இன்னொன்று பக்கத்துப் பல்லின் தோளிலே சாய்ந்துகொள்ளும். வேறொன்று எலும்புக்குள்ளே படுத்த படுக்கையாகக் கிடந்துவிடும். உலகில் ஏறக்குறைய ஐந்திலொருவருக்கு இந்த நான்கில் ஒன்றாயினும் உருவாகாமலே போகின்றது என்பர். அவர்கள் முற்பிறப்பில் ஏதோ நல்லது செய்தவர்கள்.

இத்தகைய பற்களுக்கு ஞானப்பல் என்று பெயர் சூட்டியவர் யாராயினும் நகைச்சுவை உடையவராக இருந்திருத்தல் வேண்டும். புத்தி தெளியும் பருவத்தில் முளைப்பதால் அப்பெயர் வந்தது என்பது விளக்கம். இலத்தீன் மொழியிலும் ஞானத்தின் பற்கள் என்றே பெயர். கிரேக்க ஞானியாகிய அரிஸ்டோட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலிலே, கடைசிப் பற்கள் 20 வயதளவில் முளைக்கும் என்றும், 80 வயது மூதாட்டியருக்கும் முளைத்ததுண்டு என்றும் குறிப்பிட்டார். அதே நூலில், ஆணுக்குப் பெண்ணைவிடப் பற்கள் அதிகம் என்றும் எழுதிவைத்தார். மனைவியை ஒரு தரம் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது என்று பிற்காலத்தில் பேட்றண்ட் றசல் கேலி செய்தார். 1871 இல் டார்வின், நாகரிக வாழ்க்கைக்கு வந்த மக்களிடத்தில் இப்பற்கள் சிறுத்து மறையும் போக்கில் உள்ளன என்ற கருத்தை வெளியிட்டார். வேகவைத்து மெதுவாக்கிய உணவையே உண்டு பழகிய நமக்குத் தாடை குறுகிவிட்டது; பல்லின் தொகை மாத்திரம் குறையவில்லை என்பது இன்று பலர் கூறும் காரணம்.

எனது கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஞானப்பல் பாதி வெளியிலும் பாதி முரசுக்குள்ளும் நின்றது. பாதி முளைத்த பல்லின் மீது முரசு ஒரு மடல் போல மூடிக்கொள்ளும். அந்த மடலின் கீழே சோற்றுப் பருக்கையும் கிருமியும் புகுந்துகொண்டால் வீக்கமும் சீழும் வாய்த் துர்நாற்றமும் உண்டாகி, வாயைத் திறக்க முடியாமற் போகும். எனக்கு இந்த உபத்திரவம் முதன்முதல் வந்தபோது வயது 36. பல் வைத்தியர் அவ்விடத்தைக் கழுவி மருந்து தந்து, “பொறுத்துப் பார்ப்போம்” என்றார். அது தக்க ஆலோசனையே. கேடு செய்யாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் பிடுங்குதல் கூடாது என்று 2000 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் அரச சுகாதார சேவைக்கு வழிகாட்டல் வெளியிடப்பட்டது. முரசு மீண்டும் மீண்டும் அழலுதல், பல்லோ பக்கத்துப் பல்லோ சூத்தையாதல், கட்டி வளர்தல் முதலிய காரணங்கள் உண்டாயின் பிடுங்கலாம் என்பது அதன் சாரம். சென்ற வருடம் எனக்கு அந்த அழற்சி இரண்டு தரம் வந்தது. இரண்டாந் தரம் பக்கத்துக் கடைவாய்ப் பல்லிலும் சூத்தை தொடங்கியிருந்தது. நல்ல பல்லைக் காப்பதற்காகப் பொல்லாத பல்லை எடுக்கவேண்டிய வேளை வந்துவிட்டது.

இரு தாடைகளும் ஒருங்கே தெரியும் பெரிய எக்ஸ்றேப் படம் ஒன்றை எடுத்து, வாய் முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனேன். அவர் என்னிடம் படித்தவர்களின் வயதுடைய ஒரு பெண்மணி. படத்தை வெளிச்சத்திலே பிடித்து, பல்லின் வேருக்குக் கீழே ஓடிய மங்கலான இரட்டைக் கோட்டைச் சுட்டிக் காட்டினார். “சேர், இதுக்குள்ளாலைதான் சொண்டுக்கும் நாடிக்கும் போற நரம்பு போகுது. உங்கடை பல்லின்ரை வேர் அதுக்குக் கிட்டக் கிடக்குது” என்றார்.

கீழ்த்தாடை ஞானப்பல்லின் அயலில் இரண்டு நரம்புகள் உள்ளன. ஒன்று எலும்புக் கால்வாய்க்குள்ளே ஓடி உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது. மற்றது தாடையின் உட்புறமாகச் சென்று நாவின் முற்பகுதிக்கு உணர்ச்சி தருவது. சுவையுணர்ச்சியும் அதன் வழியே போகின்றது. பல்லை எடுக்கும்போது இவற்றில் ஒன்று நசுங்கினாலோ இழுபட்டாலோ அந்தப் பகுதி விறைத்துப்போகும். நூற்றில் ஒரு சிலருக்கு அவ்விதம் நேர்ந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக மாறும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கே மாறாமல் நின்றுவிடும். வேர் நரம்புக்கு அருகே கிடந்தால் இந்தக் கணக்குச் சற்று ஏறும். இவையெல்லாம் சம்மதப் பத்திரத்திலே எழுதப்பட்டிருந்தன. அதிலே ஒப்பமிடுமாறு பேனாவை நீட்டினார்கள்.

நான் தமிழ் கற்பிப்பவன். உதடும் நாவுந்தான் எனது சீவனோபாயம். உதடிரண்டும் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கும் என்றும், நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்றும் தொல்காப்பியத்துப் பிறப்பியலை இருபது வருடமாக வகுப்பிலே விளக்கி வருகின்றேன். அந்தக் கருவிகளே விறைத்துவிட்டால் வகுப்பில் என்ன செய்வது? பேனா என் கையிலேயே நின்றது. வைத்தியர் என் கலக்கத்தைக் கண்டுகொண்டார். “சேர், நாக்கு அசையும், சொண்டும் அசையும். அசைக்கிற நரம்பு வேறை. இதிலை உணர்ச்சிதான் குறையலாம், பேச்சுப் போகாது” என்றார். அவர் இன்னொரு வழியும் சொன்னார். வேர் நரம்போடு ஒட்டிக்கிடப்பதாகப் படத்திலே தெரிந்தால், பல்லின் முடியை மாத்திரம் அறுத்தெடுத்து வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டாம். எனது பல்லுக்கு அது தேவைப்படாது என்பது அவரது அபிப்பிராயம். இத்தகைய கேள்விகளைக் கேட்க நம்மவர் கூச்சப்படுகின்றனர். வைத்தியருக்கு நேரமில்லை என்று நாமே தீர்மானித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகின்றோம். கேட்டால் சொல்லுகிறார்கள். நான் ஒப்பமிட்டேன்.

வீட்டிலே அம்மாவுக்கு வேறு பயம். “தம்பி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கிப்போம் எண்டு அந்த நாளையிலை சொல்லுறவை. யோசிச்சுச் செய் மோனை” என்றார். இந்த நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் நிலைபெற்றிருக்கின்றது. பார்வைக்குரிய நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து நேரே மூளைக்குச் செல்வது. பல்லின் நரம்புக்கும் அதற்கும் தொடுப்பில்லை. வயது போகப் பல்லும் விழுகின்றது, கண்ணும் மங்குகின்றது. இரண்டையும் கண்டவர்கள் ஒன்றை மற்றதற்குக் காரணமாக்கிவிட்டார்கள் போலும். அம்மா நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். ஆயினும் மறுநாட் காலையில் சுவரிலே தொங்கிய நாட்காட்டியை வாசிக்கும்படி என்னிடம் சொன்னார்.

விறைப்பூசி மாத்திரம் போட்டுச் செய்வதாயின் வெறுவயிற்றோடு போகவேண்டியதில்லை. நான் இரண்டு இடியப்பம் உண்டுதான் போனேன். முழுமயக்கம் கொடுப்பதாயின் பட்டினி இருக்கவேண்டும். எத்தனை மணி நேரம் என்று அவர்களே கூறுவர். நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவது பல்வலியிலும் பெரிய ஆபத்து.

ஊசி குத்தும்போது ஒரு சுரீரென்ற நோ, அவ்வளவுதான். சில நிமிடங்களில் பாதி உதடு மரக்கட்டையாகிவிட்டது. 1844 இல் அமெரிக்காவின் ஹோறஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே முகர்ந்து தமது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவித்தார். அதற்கு முன்னிருந்தவர்கள் பற்களை எப்படிக் கழற்றினார்கள் என்பதை நினைக்கவே நெஞ்சு நடுங்குகின்றது. இன்று நமக்கு ஏற்றப்படும் லிக்னோகேயின் 1943 இல் சுவீடன் தேசத்தில் உருவாக்கப்பட்டது.

விறைப்பு நோவைத்தான் நீக்கும். அமுக்கத்தையும் ஓசையையும் நீக்காது. இதை ஒருவர் முன்னரே சொல்லாவிட்டால் நாற்காலியிலே பயந்துபோவீர்கள். முரசைக் கீறி விலக்கி, பல்லை மறைத்த எலும்பைச் சிறிது அராவி, பல்லை இரண்டு துண்டாக அறுத்து, நெம்புகோல் போன்ற கருவியால் ஒவ்வொன்றாகக் கிளப்பினார்கள். அப்போது மண்டைக்குள்ளே தேங்காய் உடைப்பது போன்ற சத்தம் கேட்டது. தாடையை யாரோ நிலத்தோடு அழுத்துவது போலிருந்தது, நோவோ சிறிதுமில்லை. உண்மையாகவே நொந்தால் கையை உயர்த்தும்படி சொல்லியிருந்தார்கள்; உயர்த்தினால் மேலும் மருந்து ஏற்றுவார்கள். மூன்று தையலும் போட்டு முடிய 35 நிமிடம்.

உண்மையான வேலை அதன் பின்னர்தான் தொடங்குகின்றது. மடித்த துணியை ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பல் நின்ற குழியிலே இரத்தம் உறைந்து கட்டியாக நிற்பதுதான் புண் ஆறுவதற்கு அத்திவாரம். முதல் 24 மணி நேரம் கொப்பளித்தலும், காறித் துப்புதலும், குழாயால் உறிஞ்சிக் குடித்தலும் ஆகா என்று விலக்குவதன் காரணம் அதுவே. உமிழ்நீரில் ஒரு துளி இரத்தம் கலந்தாலும் வாயெல்லாம் இரத்தமாகத் தெரியும். அதைக் கண்டு கலங்கவேண்டாம். துணியைக் கடித்தபடியே நான் பிள்ளைகளுக்கு ஏதோ சொல்ல முயன்றபோது, “இஞ்சருங்கோ, ஒரு நாளைக்கெண்டாலும் கதைக்காமல் இருங்கோ” என்றாள் மனைவி. அந்தக் கட்டளையில் வைத்தியம் எவ்வளவு, மகிழ்ச்சி எவ்வளவு என்று பிரித்தறிய முடியவில்லை.

பலரை ஏமாற்றுவது மூன்றாம் நாள். முதல் நாளிலும் பார்க்க இரண்டாம் நாளும், இரண்டாம் நாளிலும் பார்க்க மூன்றாம் நாளும் கன்னம் வீங்கும். வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறவாது. ஏதோ பிழைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். அது இயல்பே. முதல் நாள் கன்னத்தின் வெளியே துணியிற் சுற்றிய பனிக்கட்டியை இடையிடையே வைத்தல், தலையணையை உயர்த்திப் படுத்தல், மறுநாள் தொடக்கம் இளஞ்சூட்டு உப்புநீரை வாயிலேந்தி மெல்ல அசைத்து வழியவிடுதல் என்பனவே பணிவிடைகள். நான் ஆறிய கஞ்சியிலும் தயிரிலும் குழைந்த சோற்றிலும் ஐந்து நாளை ஓட்டினேன். ஒடியற்கூழ் குடிக்க ஆசை. அதன் உறைப்பும் சூடும் தடுத்தன. அயல்வீட்டுப் பெரியவர் சாராயத்தால் வாய் கழுவினால் ஒரே நாளில் ஆறும் என்று வேலிக்கு மேலாலே வைத்தியம் சொன்னார். சாராயம், சுருட்டு, வெற்றிலை மூன்றும் அந்தப் புண்ணுக்குப் பகை. நோவுக்குப் பரசிட்டமோலோடு ஐபுபுரோபன் என்னும் மருந்தும் கொடுப்பதுண்டு. டெங்கு பரவும் காலத்தில் அதனை உண்ணும்போது காய்ச்சல் கண்டால், அதனை நிறுத்தி வைத்தியரைக் காணவேண்டும். டெங்குவோடு அம்மருந்து சேர்ந்தால் இரத்தப் பெருக்குக்கு இடமுண்டு.

மூன்றாம் நாளளவில் தணியவேண்டிய நோ தணியாமல், காது வரை இழுத்து, வாயும் மணக்கத் தொடங்கினால் இரத்தக் கட்டி கழன்று எலும்பு வெளித்தெரிகின்றது என்று கொள்ளலாம். எனது சகபாடி ஒருவருக்கு அவ்விதம் நேர்ந்தது. குழியைக் கழுவி, கராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்தை வைத்தவுடன் ஆறுதல் கிடைத்ததாம். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாயிருந்தாலும், வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலும் விடியும் வரை காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

எனக்கு நோ ஐந்தாம் நாளே அடங்கிற்று. ஆனால் மூன்று மணி நேரத்தில் நீங்கவேண்டிய விறைப்பு, உதட்டின் ஓரத்திலே ஒரு பெருவிரல் அகலத்துக்கு நீங்காமல் நின்றது. சவரம் செய்யும்போது அந்த இடம் பிறருடையது போலிருந்தது. தேத்தண்ணீர் வழிந்தாலும் தெரியவில்லை. சட்டையைப் பார்த்துத்தான் அறிந்தேன். வைத்தியரிடம் காட்டினேன். அவர் பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டுப் பார்த்து எல்லையைக் குறித்துக்கொண்டு, மாதத்துக்கொருமுறை வரச் சொன்னார். விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போன முதல் நாள், அறையில் யாருமில்லாத வேளையில் பகரத்தையும் மகரத்தையும் பத்துத் தரம் உரத்துச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் பிறந்தன. மாணவர் எவரும் வித்தியாசத்தை உணரவில்லை. உணர்ந்தது நான் மாத்திரமே. இரவிலே கண்ணாடிக்கு முன் நின்று அந்த இடத்தைக் கிள்ளிப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஏழாவது வாரத்தில் ஒரு நாள் அங்கே எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் தோன்றியது. எறும்பைத் தட்டிவிடக் கையைக் கொண்டுபோனேன், எறும்பு இல்லை. நரம்பு உயிர்ப்பதன் அடையாளம் அது என்றார் வைத்தியர்.

உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இப்பற்கள் முளைக்கும் வயது இதுவே. எடுக்கவேண்டுமென்று வைத்தியர் கூறினால் இளமையில் எடுப்பது இலகு. வேர் முற்றாது, எலும்பும் இறுகாது, புண்ணும் விரைவில் ஆறும். ஆனால் பரீட்சைக்கு முந்திய இரு வாரத்துள் நாள் வைக்காதீர்கள். அரசினர் ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பணம் வாங்குவதில்லை. நாள் கிடைக்கத்தான் காத்திருக்க வேண்டும்.

எனது வலப்பக்கத்து ஞானப்பல் முழுமையாக முளைத்து நேராக நிற்கின்றது. அதனைத் தொடத் தேவையில்லையாம். வருடத்துக்கொருமுறை காட்டினால் போதுமாம். தை மாதத்தில் வரச் சொல்லியிருக்கின்றார்கள்.