மழலைக்கு மறுமொழி

மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் நான். பிள்ளை வளர்ப்பிலே இனி நான் கற்க வேண்டியது ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தேன். அந்தச் செருக்கை அடக்கியவள் என் எட்டு மாதப் பேத்தி.

ஊர்காவற்றுறையிலே எங்கள் வீடு இறங்குதுறைக்குச் சமீபமாக உள்ளது. மகள் காலையிலே ‘பாதை’யில் ஏறிக் கடலைக் கடந்து காரைநகருக்கு வேலைக்குப் போய்விடுவாள். சமையலும் குழந்தையும் என் பொறுப்பு. மீன் வெட்டும்போதும் தேங்காய் துருவும்போதும் கைத்தொலைபேசியிலே ஏதேனும் பாட்டைப் போட்டுக் குழந்தையின் முன்னே வைத்துவிடுவேன். அவள் அழுவதில்லை. “எவ்வளவு பொறுமையான பிள்ளை!” என்று அயலவரிடம் பெருமையும் பேசினேன்.

நாளடைவில் அந்தப் பொறுமை மௌனமாக மாறிற்று. முன்பு ஓயாது ஒலியெழுப்பிய வாய் ஓய்ந்துபோயிற்று. கிளினிக்குக்குக் கொண்டுசென்றபோது குடும்பநல மாது, பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்புகிறதா என்று வினாவினார். பின்பு என்னைப் பார்த்து, “அம்மா, நீங்கள் பிள்ளையோடை கதைக்கிறனீங்களோ?” என்றார்.

‘அதுக்கு என்ன விளங்கும்?’ என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் கேட்கவில்லை. அவர் சொன்னபடி குழந்தையின் செவிப்புலனைச் சோதிப்பித்தோம். காதிலே குறையொன்றுமில்லை. அந்தச் செய்தி ஆறுதல் தந்ததாயினும், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1978ஆம் ஆண்டிலே எட்வேட் ட்ரொனிக் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடன் சேர்ந்தோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழந்தையோடு சிரித்து விளையாடும் தாய், சிறிது நேரம் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாது இருக்கிறாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்து, அவள் கவனத்தை மீட்க முயல்கிறது. பதில் வராதபோது சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பேச்சு வராத பருவத்திலும் பிள்ளை நம் மறுமொழியை எதிர்பார்க்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திரையிலுள்ள உருவம் பாடும், ஆடும். ஆனால் பிள்ளையின் ஒலிக்காகக் காத்திராது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே அறிவுறுத்தியுள்ளது.

நம் முன்னோர் இதனை உணராதவர் அல்லர். பிள்ளைத்தமிழின் பருவங்களை நோக்குங்கள். செங்கீரை ஆடச் சொல்வதும், சப்பாணி கொட்டச் சொல்வதும், அம்புலியை விளையாட அழைப்பதும் யாவை? ஒருவர் முகம்பார்த்து அழைக்க, பிள்ளை தன்னால் இயன்றபடி மறுமொழி தரும் விளையாட்டுக்களே அன்றோ!

மறுநாள் முதல் தொலைபேசி அலுமாரிக்குள் போயிற்று. குழந்தையை எட்டவிருத்திக்கொண்டு, “இது சூடை மீன். செதிலைப் பார்த்தியோ?” என்று கதைத்தபடி மீன் வெட்டினேன். கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தேன். இந்தப் பொறுத்திருத்தலே எனக்குக் கடினமாயிருந்தது. குளிப்பாட்டும்போது உள்ளங்கையிலே நண்டு ஊரவிட்டேன். வேலியிலே காகம் வந்தால் இருவரும் பார்த்தோம். இவற்றுக்கென ஒரு சதமும் செலவில்லை; தனியே நேரமும் ஒதுக்கவில்லை.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் ஏதோ நினைவிலே பேசாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, “ஆ?” என்று ஒரு குரல். திரும்பினேன். ‘ஏன் பேச்சை நிறுத்திவிட்டாய்?’ என்று கேட்பதுபோல அவள் என் முகத்தையே பார்த்திருந்தாள். மாலையிலே மகள் வந்ததும் முதலில் சொன்ன செய்தி அதுதான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

தாய்மாரே, பாட்டிமாரே, எல்லாப் பிள்ளைகளின் மௌனத்துக்கும் காரணம் ஒன்றன்று. ஐயம் தோன்றினால் நாட்கடத்தாது கிளினிக்கிலே காட்டுங்கள். ஆனால் வீட்டிலே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளை எழுப்பும் ஒவ்வொரு ஒலியும் ஓர் அழைப்பு. “ஏன் குஞ்சு?” என்று கேட்க ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும்.