பழைய கடவுச்சொல்



இந்த வாரம் என் வீட்டுக் கணினியைப் பற்றி எழுதப்போகிறேன். வேதபாடத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் நான் செய்த ஒரு தவறு அந்தக் கணினியிலிருந்துதான் தொடங்கியது. பிரசங்க பீடத்திலிருந்து உங்களுக்குப் புத்தி சொல்லுகிறவன் தன் தவறை மறைத்து வைப்பது முறையல்ல.

நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் தம் கணவரை இழந்து ஓராண்டு நிறைவடைந்தது. ஒரே மகன் வளைகுடா நாடொன்றில் வேலை செய்கிறார், விடுப்புக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் குருமனையில் கூடி ஜெபிப்பது என்றும், மகன் திரை வழியாக எங்களோடு சேர்ந்துகொள்வது என்றும் ஏற்பாடு செய்தோம். கண்புரையின் காரணமாகக் கைப்பேசித் திரையில் மகனுடைய முகம் தெரிவதில்லை என்று அத்தாயார் சொல்லியிருந்தார். ஆகவே என் கணினியை மேசைமேல் வைத்துப் பெரிய திரையில் காட்டுவதாக வாக்களித்திருந்தேன்.

நான்கு நாள் வெளியூர்க் கூட்டங்களை முடித்துவிட்டு அன்று மதியம்தான் வீடு திரும்பியிருந்தேன். ஆறரை மணிக்குக் கணினியைத் திறந்தேன். எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் திரையில் தெரிந்தது. அழுத்தினேன். சிறிது நேரம் சுழன்றுவிட்டு, இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை என்று காட்டியது. மறுபடியும் அழுத்தினேன், அதே செய்தி. அணைத்துத் திறந்தேன், அதே செய்தி. ஏழு மணி ஆயிற்று. வெளித் திண்ணையில் அத்தாயார் வெள்ளைச் சேலையுடன் வந்து அமர்ந்திருந்தார். "ஐயா, புள்ள முகம் வந்துட்டா?" என்று இருமுறை கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின்மேல் கோபம் மூண்டது. நம் பகுதியின் இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் இளைஞரின் எண்ணை அழைத்து, போதகன் பேசத் தகாத தொனியில் பேசினேன். "மாதம் பிறந்தால் பணம் வாங்கத் தெரிகிறது, வேலை செய்யத் தெரியவில்லையா?" என்று கேட்டேன். அவர், "ஐயா, உங்க போன்ல நெட் வருதா?" என்று ஏதோ கேட்கத் தொடங்கினார். பதில் சொல்லாமலே அழைப்பைத் துண்டித்தேன். அத்தோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் புகார் எண்ணை அழைத்து, அந்த இளைஞரின் பெயரைச் சொல்லிப் புகாரும் பதிவு செய்தேன்.

ஜெபத்தை என் கைப்பேசியின் வழியாகவே நடத்தினோம். அத்தாயார் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். பின்பு மடியில் வைத்துக்கொண்டு, "குரல் கேக்குது, அது போதும்யா" என்றார். அந்தக் கைப்பேசி எந்த வழியாக இணையத்தோடு சேர்ந்திருந்தது என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை அந்த இளைஞர் வந்தார். முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. கணினியை அவர் தொடவும் இல்லை. முதலில் கூடத்து மூலையிலிருந்த ரூட்டரின் விளக்குகளைப் பார்த்தார். கண்ணாடி இழைக் கம்பி எங்கேனும் அறுந்திருந்தால் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரியும் என்றார். அது எரியவில்லை, மற்ற விளக்குகள் பச்சையாக நின்றன. அடுத்து என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, சிம் கார்டின் இணையத்தை நிறுத்திவிட்டு, வைஃபை வழியாக மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்தார். உடனே திறந்தது. "லைன் நல்லா இருக்கு ஐயா. ரூட்டரும் நல்லா இருக்கு. கம்ப்யூட்டர்லதான் பாக்கணும்" என்றார். இரண்டு நிமிடங்களில் குற்றப்பட்டியலிலிருந்து நிறுவனமும் நீங்கிற்று, அவரும் நீங்கினார். எஞ்சி நின்றது என் கணினி.

அவர் பொறுமையாக எனக்கு விளக்கிச் சொன்னார். வைஃபை என்பது ஒரே கதவு அல்ல, வரிசையாக நிற்கும் நான்கு கதவுகள். முதலாவது, வானொலி அலை கணினியை எட்ட வேண்டும். நம் பழைய குருமனையின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர்கள் இரண்டு அடிக்குமேல் தடிமனானவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றை ஓரளவு கடந்து வரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் சுவரில் விரைவில் சோர்ந்துவிடும். இரண்டாவது, கடவுச்சொல் பொருந்த வேண்டும். மூன்றாவது, ரூட்டர் கணினிக்கு ஒரு முகவரி எண் கொடுக்க வேண்டும். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். நான்காவது, நாம் தட்டச்சு செய்யும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை வேலை செய்ய வேண்டும். எந்தக் கதவில் நின்றுவிட்டோம் என்று தெரியாமல் எல்லாக் கதவுகளையும் உதைப்பதில் பயனில்லை.

மூன்றாவது கதவைப் பற்றி அவர் சொன்ன ஒன்று என் மனதில் தங்கிவிட்டது. ரூட்டர் முகவரி தராவிட்டால், விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளுமாம். பார்வைக்கு முகவரி போலவே இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே எங்கும் போக முடியாது.

என் கணினி இரண்டாவது கதவிலேயே நின்றிருந்தது. "ஐயா, சமீபத்துல பாஸ்வேர்டு மாத்துனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து என் துணைவியார், "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?" என்றார்கள்.

உண்மைதான். பழைய கடவுச்சொல் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது, அதை மாற்றிவிட வேண்டும் என்று, வெளியூர் புறப்படுகிற அன்று காலையில் நானே இந்த இளைஞரை அழைத்துச் சொல்லியிருந்தேன். அவர் வந்து மாற்றிவிட்டு, புதிய சொல்லை ஒரு தாளில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டிச் சென்றிருந்தார். என் கைப்பேசியில் அன்றே மகள் அதை ஏற்றிவிட்டாள். பையில் மூடிக்கிடந்த கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அது தன் நினைவிலிருந்த பழைய சொல்லையே திரும்பத் திரும்பக் காட்டி, திரும்பத் திரும்பத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது.

தீர்வு ஒரு நிமிட வேலை. வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்து, 'ஃபர்கெட்' என்ற பொத்தானை அழுத்தினார். மறந்துவிடு என்று பொருள். பழையதை மறந்த பின்புதான் கணினி, புதிய சொல் என்ன என்று கேட்டது. எழுதினோம். இணைந்தது.

அவருக்குத் தேநீர் கொடுத்தோம். நன்றி சொன்னேன். ஆனால் சொல்ல வேண்டிய வேறொரு சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஐம்பது வயதைக் கடந்தவன், போதகன், மகன் வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? புறப்படும்போது அவரே, "நானும் நம்ம கோயில்தான் ஐயா, கடைசி வரிசையில உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை கம்ப்ளைன்ட் வந்தா பாதியில எழுந்து போயிருவேன்" என்றார். ஆராதனை நடுவே எழுந்து போகும் ஓர் இளைஞரைக் குறித்து நான் மனதுக்குள் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

அவர் சொன்ன இன்னொரு செய்தியும் என்னைத் தூங்கவிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஏரல் பக்கத்து உறவினர்களை அழைத்துப் பார்த்து, மணி அடிக்காத கைப்பேசியோடு நம்மில் பலர் இரவெல்லாம் விழித்திருந்தோம். தொடர்பு திரும்பியபோது, அதற்காக உழைத்த அனைவருக்காகவும் நான் பீடத்திலிருந்து ஸ்தோத்திரம் செலுத்தினேன். முழங்கால் அளவு தண்ணீரில் கம்பிச் சுருளைத் தோளில் சுமந்து நடந்தவர்களில் இந்த இளைஞரும் ஒருவர். முகம் தெரியாமல் யாருக்காக நன்றி சொன்னேனோ, அவரையே பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியிருக்கிறேன்.

இரண்டாம் சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தை அந்த இரவு வாசித்தேன். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்ட ஐசுவரியவானின் கதையை நாத்தான் சொன்னபோது, தாவீது எவ்வளவு மூர்க்கமாய்க் கோபங்கொண்டான்! நீதி அவனுக்குத் தெரியாமலில்லை. தண்டனையும் தெரிந்திருந்தது. அந்த மனிதன் யார் என்பது மட்டுமே தெரியவில்லை. பலமுறை பிரசங்கித்த பகுதி அது. அன்றுதான் அதைக் கேட்கிறவனாக அமர்ந்திருந்தேன்.

புதன்கிழமை மாலை, பாளையங்கோட்டையிலிருந்து சந்திப்புக்கு என் பழைய ஸ்கூட்டரில் புறப்பட்டேன். அந்த இளைஞரின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. போகும் வழி, நாம் நாள்தோறும் கடக்கும் சுலோசன முதலியார் பாலம். 1843-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு அரசாங்கத்திடம் பணம் இல்லாதபோது, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்தார். இணைப்பு இல்லை என்று குறை சொல்வது எளிது. இணைப்பதற்குத் தன் கையிலிருந்து ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் கொடுக்க வேண்டியிருந்ததோ பணம்கூட அல்ல, என் மரியாதையைப் பற்றிய கவலை மட்டுமே.

அலுவலகத்தில் நால்வர் இருந்தார்கள். தனியே அழைத்துச் சொல்லலாமா என்று தயங்கினேன். புகாரைப் பலர் அறியச் செய்தவன் மன்னிப்பை மட்டும் காதோடு சொல்லக் கூடாது என்று தோன்றியது. எல்லார் முன்னிலையிலும், "தம்பி, தவறு என் பக்கம். உங்களிடம் பேசிய விதமும் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் பதறி எழுந்து, "ஐயா, அதெல்லாம் எதுக்குய்யா" என்றார். மேலாளரிடம், குறை என் கணினியில்தான் இருந்தது என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். தவறான புகார் ஒன்று பதிவேட்டில் இருந்தால் அந்த மாத ஊக்கத்தொகை குறையும் என்று அங்கேதான் அறிந்தேன். அந்த இளைஞர் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நேரலாம். ஆகையால் நான் கற்ற வரிசையை எழுதிவைக்கிறேன். வைஃபை இணையாவிட்டால், முதலில் வீட்டிலுள்ள வேறொரு கருவியில் பாருங்கள். எதிலும் வரவில்லை என்றால் ரூட்டரின் விளக்குகளைப் பாருங்கள். அதை அணைத்து அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். ஒரு கருவியில் மட்டும் வரவில்லை என்றால் குறை அந்தக் கருவியில்தான். விமானப் பயன்முறை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா, கடவுச்சொல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய இணைப்பை மறக்கச் செய்து புதிதாக இணையுங்கள். வைஃபை இணைந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் கணினியின் தேதியைக் கவனியுங்கள். உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், பாதுகாப்பான தளங்கள் அதை நம்ப மறுக்கும். இவை யாவும் முடிந்த பின்பு தொலைபேசியை எடுங்கள். எடுக்கும்போது, மறுமுனையில் இருப்பவர் ஒருவேளை நம் கடைசி வரிசையில் அமர்கிறவராக இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவிக்குள், அண்ணன் தம்பிக்குள், சபைக்குள் பேச்சு நின்றுபோன வீடுகளை நான் அறிவேன். அங்கேயும் பெரும்பாலும் நாம் மறுமுனையையே சோதிக்கிறோம். என்றோ மாறிப்போன ஒன்றை அறியாமல், பழைய சொல்லையே பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை அத்தாயாரை மீண்டும் அழைத்தோம். திரை முழுவதும் மகனுடைய முகம் தெரிந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மெலிஞ்சிட்டானே" என்றார். கடந்த வாரம் குரல் போதும் என்றவர் அவர். என் கோபம் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அப்போது விளங்கிற்று. அந்த இளைஞர் சொல்ல வந்த ஒரு கேள்விக்கு நான் செவிகொடுத்திருந்தால், முந்தின சனிக்கிழமையே அவர் அந்த முகத்தைக் கண்டிருப்பார்.

கேட்கிற செவியைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.