ரோலாவுக்குப் பக்கத்தில் ஒரு கோட்டை

ஷார்ஜாவில் ரோலா தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. துணிமணி, மளிகை, ஊருக்கு அனுப்புற பார்சல் எல்லாத்துக்கும் அங்கேதான் போவோம். ரோலா என்றால் ஆலமரம். அந்தச் சதுக்கத்தில் பல தலைமுறைக்கு நிழல் கொடுத்த ஆலமரம் 1970களின் இறுதியில் பட்டுப்போனது. இப்போது மர உருவம் கொண்ட நினைவுச் சின்னம்தான் நிற்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே அல் ஹிஸ்ன் கோட்டை. 1823-ல் கட்டியது. ஆளும் குடும்பத்தின் வீடு, அரசு நிர்வாகம், சிறை எல்லாமே இதற்குள்தான் இருந்தன. உள்ளே போகும்போதே பசங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிடுங்க: இதில் பெரும்பகுதி திரும்பக் கட்டியது.

1969-70 வாக்கில் கோட்டையை இடிக்க ஆரம்பித்தார்கள். கெய்ரோவில் படித்துக்கொண்டிருந்த ஷேக் சுல்தான் பின் முகமது அல் காசிமி செய்தி கேட்டு ஓடி வந்தார். அதற்குள் அல் கப்ஸ் என்ற ஒரு கோபுரமும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். மீதி இடிப்பை நிறுத்தி, அஸ்திவாரத்தை அளந்து குறித்துக்கொண்டார். கதவு, ஜன்னல்களைப் பத்திரப்படுத்தினார். 1972-ல் அவரே ஆட்சிக்கு வந்தார். 1990களில் அந்த அளவுகளை வைத்துத்தான் கோட்டை மறுபடி எழுந்தது. இன்று அது அருங்காட்சியகம்.

அடுத்து கடலோரப் பக்கம் நடந்து பைத் அல் நபூதாவைப் பாருங்க. 19-ஆம் நூற்றாண்டு முத்து வியாபாரி ஒருவரின் வீடு. சுவர் பவளப்பாறைக் கல், முற்றத்துத் தூண்கள் மரம். இந்தியாவோடு வியாபாரம் செய்த குடும்பம் அது. முத்துக்குளிப்பும் முற்றம் வைத்த வீடும் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் புதுசா என்ன? பக்கத்திலேயே மஜ்லிஸ் அல் மித்ஃபா. இங்கே காற்றுக் கோபுரங்கள் பொதுவாகச் சதுரம்தான். இது மட்டும் வட்டம். களைத்துப்போனால் சூக் அல் அர்ஸாவில் ஒரு டீ குடிக்கலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை, சாயங்காலம் போவது நல்லது. வெயில் இருக்காது.

நம்மில் பல வீடுகளில் இப்போது ஒரே பேச்சு: ஊரில் தாத்தா வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாமா? இடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் நிலைமை. ஆனால் இந்த லீவுக்குப் போகும்போது ஒரு அளவு டேப் எடுத்துட்டுப் போங்க. திண்ணை எத்தனை அடி, முற்றம் எத்தனை அடி என்று பசங்களையே அளந்து எழுத வையுங்க. நிலைக்கதவை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீங்க.