சக்கரத்தை எண்ணு

கோடை விடுமுறைக்குக் காரைக்குடி போய் இறங்கியதும், பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி அப்பத்தாவை நச்சரிக்க ஆரம்பித்துவிடுவேன். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றி இருக்கும் ஹார்ன்பி ரயில், ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. பச்சை வண்ணத் தகர எஞ்சின், மூன்று பெட்டிகள், வளைந்த தண்டவாளத் துண்டுகள். பத்தியில் ஆத்தங்குடிக் கல்மேல் வட்டமாகப் பூட்டிச் சாவி கொடுத்துவிட்டால் கிர்ரென்று ஓடும். சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும் அந்தத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வேன். அப்போதுதான் சக்கரங்கள் கண்மட்டத்துக்கு வரும்.

ஒரே குறை, எஞ்சின் ஒன்றுதான்.

ஸ்டேஷனில் அப்படியா! 1930-ல் வந்த மானாமதுரைப் பாதையோடு 1952-ல் அறந்தாங்கிப் பாதையும் சேர்ந்த ஜங்ஷன் அது. எழுபதுகளின் கடைசியில் கரி எஞ்சினும் டீசலும் அங்கே மாறி மாறி வரும். சாயங்காலம் ஐயா கூட்டிப்போவார். கரி எஞ்சின் எல்லாமே எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஒருநாள் ஒரு ஃபயர்மேன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "மூஞ்சியப் பாக்காத தம்பி, சக்கரத்த எண்ணு. பக்கத்துக்கு மூணு பெருசு இருந்தா ஒய்.பி., ஆளுக போற வண்டிக்கு. நாலு இருந்தா ஒய்.ஜி., சரக்கு இழுக்க."

ஒய் என்றால் மீட்டர் கேஜ். ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நாலரை அடி, ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடிவிடும். ஒய்.ஜி.க்கு நாலடிதான். வேகம் குறைவு, பாரம் இழுப்பதில் கெட்டி. நான் அப்போது நாலடிக்குக் கொஞ்சம் மேல். ஒய்.ஜி.யை ஜெயித்துவிட்டேன், ஒய்.பி.யிடம் தோற்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டர் அட்டையை ஊறவைத்து வளைத்து, அடுப்புக்கரி பூசி, தகர எஞ்சினுக்குச் சட்டைகள் செய்தேன். ஒன்றில் பக்கத்துக்கு மூன்று கலர் பாட்டில் மூடிகள், அது ஒய்.பி. இன்னொன்றில் நாலு சட்டைப் பித்தான்கள், ஒய்.ஜி. பற்பசை டப்பாவைக் கவிழ்த்தால் ஒய்.டி.எம்.4 டீசல். ஆனால் எந்தச் சட்டையை மாட்டினாலும் அதே கிர்ர், அதே வேகம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த விடுமுறையில், முறுக்கி முறுக்கி, டொக்கென்று ஸ்பிரிங் அறுந்தது. அழுதேன். ஐயா ஒன்றும் சொல்லாமல் எஞ்சினை வாங்கிப் பார்த்து, மறுபடி தண்டவாளத்தில் வைத்து விரலால் தள்ளினார். தடையில்லாமல் உருண்டது.

அதன்பிறகு வாயால்தான் வண்டி ஓடியது. ஒய்.பி.க்கு மூச்சுவிடாத குச்குச்குச். டீசலுக்கு அடித்தொண்டை உறுமல். ஒய்.ஜி.க்கு நிறுத்தி நிறுத்தி, நெஞ்சிலிருந்து வரும் ஒவ்வொரு 'ஹஃப்'. கோட்டையூர், செட்டிநாடு, திருமயம் என்று ஒவ்வொரு பூக்கல்லிலும் நின்று போவேன்.

அப்பத்தா தூணில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்.

"இப்ப வர்றது எது?"

"சரக்கு, அப்பத்தா."

"அப்ப மெதுவாத்தான் வரும்" என்று வெற்றிலையை மடித்து முடித்துவிட்டு, அப்புறம் காலை மடக்கிக்கொள்வார்.