மாகாணியில் மா போனால்

அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள் கணக்கு நோட்டை என் முன்னால் விரித்தாள். அரையிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழிக்க வேண்டும். மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) கண்டு, பகுதியைச் சமமாக்கி, ஆறில் ஒன்று என்று சரியாகவே போட்டிருந்தாள். படம் போட்டுக் காட்டச் சொன்னேன்.

வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தாள். பாதிக்கு வண்ணம் தீட்டினாள். அந்தப் பாதியை மூன்றாக்கி ஒரு துண்டை அழித்தாள். மிச்சம் இரண்டு துண்டு. முழு வட்டத்துக்கு அது ஆறில் இரண்டு. நோட்டில் ஆறில் ஒன்று, படத்தில் ஆறில் இரண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு முகம் வாடிவிட்டது. "படந்தான் மாமா தப்பு" என்றாள்.

தப்பு படத்தில் இல்லை. அவள் மனத்தில் இருந்ததைத்தான் அது காட்டியது. அவள் எடுத்தது அரையில் மூன்றில் ஒன்று. கணக்கு கேட்டது முழுதில் மூன்றில் ஒன்று. சரியான விடைக்கு அடியில் இப்படி ஒரு குழப்பம் கிடந்ததே என்று எனக்கு மனசு கஷ்டப்பட்டது. விடையை மட்டும் பார்த்துச் சரி போட்டிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும்.

தமிழில் பின்னத்தைச் சொல்கிற முறையே படம் போடுகிற முறைதான். 'மூன்றில் ஒன்று' என்றால் முதலில் மூன்றாக்கு, பிறகு ஒன்றை எடு. பகுதி முன்னால் வருகிறது, தொகுதி பின்னால். ஆனால் எதை மூன்றாக்குவது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வட்டத்தை விட்டுவிடச் சொன்னேன். தோசையையும் ரொட்டியையும் காட்டித்தான் எல்லாரும் பின்னத்தைத் தொடங்குகிறோம். அரைக்கும் காலுக்கும் அது போதும். மூன்றாக வெட்டச் சொன்னால் பெரியவர்களுக்கே கோணலாகும். கழித்தலுக்குச் செவ்வகந்தான் வேண்டும் என்பேன், கடலை மிட்டாய்ப் பாளம் மாதிரி.

கட்டம் போட்ட தாளில் ஒரே அளவாக இரண்டு செவ்வகம் வரைந்தாள். ஒன்றை நெடுக்கில் இரண்டாக்கினாள், மற்றதைக் குறுக்கில் மூன்றாக்கினாள். துண்டுகள் ஒன்று உயரம், ஒன்று அகலம். இதிலிருந்து அதை எப்படி எடுப்பது? "இதில் உள்ள கோட்டை அதிலும் போடு, அதில் உள்ளதை இதிலும் போடு" என்றேன். இரண்டு செவ்வகமும் ஆறாறு கட்டமாயின. அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு. விரல் வைத்து எண்ணினாள். "மீ.சி.ம.ங்கிறது இந்தக் கட்டமா மாமா?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். எப்போதும் அதே கட்டமில்லை. நாலுக்கும் ஆறுக்கும் இப்படிக் கோடு போட்டால் 24 கட்டம் வரும், மீ.சி.ம. 12. இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும்.

மறுநாள் நானே ஒரு பெரிய செவ்வகம் வரைந்தேன். குறுக்கே 16 வரிசை, நெடுக்கே 20 பத்தி. மொத்தம் 320 கட்டம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கங்களில், அதாவது பின்னங்களில், முந்திரியும் அதற்கு மேற்பட்டவையும் இந்த ஒரு படத்தில் அடங்கும். ஒரு கட்டம் முந்திரி, அதாவது 320இல் ஒன்று. ஒரு வரிசை மாகாணி, 16இல் ஒன்று. வீசம் என்பதும் இதையே. இரண்டு வரிசை அரைக்கால், நாலு வரிசை கால். ஒரு பத்தி மா, 20இல் ஒன்று. இவற்றில் எந்த இரண்டைக் கழிப்பதானாலும் முந்திரிகளை எண்ணினால் போதும். பகுதியைச் சமமாக்கும் வேலை முன்பே முடிந்து கிடக்கிறது.

"மாகாணியிலிருந்து மாவைக் கழி" என்றேன். வரிசையில் 20 கட்டம், பத்தியில் 16. மிச்சம் 4 என்றாள். நாலு முந்திரி சேர்ந்தால் காணி, 80இல் ஒன்று. மா, காணி, மாகாணி என்று மூன்றையும் அவளைச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது நிறுத்திவிட்டாள். "பேரிலேயே இருக்கு மாமா!" மாவும் காணியும் சேர்ந்ததுதான் மாகாணி; மாவை எடுத்தால் காணிதானே நிற்கும். சிறுவயதிலிருந்து கேட்ட சொல், அதற்குள் ஒரு கழித்தல் கணக்கு இருப்பதை நானும் இந்தப் படத்தில்தான் கண்ணால் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதில் மூன்றில் ஒன்றை எங்கே போடுவது?" என்றாள். 320 மூன்றால் வகுபடாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து மூலைக் கட்டத்துக்குள் இரண்டு சின்னக் கோடு இழுத்தாள். "எல்லாத்தையும் இப்படி மூணாக்கணும். 960 வரும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனாள்.