ஆளைவிடப் பெரிய கிளாஸ்

'ஓவிய சிகிச்சை' என்கிற சொல்லே எனக்கு நெருடல். காசநோய் விடுதியில் படுத்துக்கிடந்த காலத்தில் படம் வரைந்த ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942இல் வைத்த பெயர் அது. அவருக்கு நோய் நெஞ்சில் இருந்தது. சிறையில் கிடக்கிற நம்ம ஆட்களுக்கு எங்கே இருக்கு? சாதி பார்த்து ஆளைப் பிரிக்கிறவனுக்குத்தானே முதலில் வைத்தியம் பார்க்கணும்?

பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததை, கலவரம் வரும் என்கிற காரணத்துக்காக உயர் நீதிமன்றமே ஏற்றிருந்தது. சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தைத் தள்ளியது. சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளை ரத்து செய்தது. பதிவேட்டில் சாதிப் பத்தியையே எடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது. துடைப்பம் கை மாறியதா என்பது வேற கதை.

இதெல்லாம் தெரிந்தேதான் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறைக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஷார்ப்னர் கூடாது, பிளேடு இருக்கு. கிரையானை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கணும்.

"தினமும் செய்யுற வேலையை வரைங்க" என்றார் கூட வந்த மனநல ஆலோசகர். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பேப்பரைத் தள்ளி வைத்தார். "வெளியேயும் தொடப்பம், உள்ளேயும் தொடப்பம். படத்துலயும் அதானா தம்பி?"

"உங்களுக்குத் தோணுறத வரைங்கண்ணே" என்றேன்.

டீக்கடை வரைந்தார். பெஞ்சு. பெஞ்சில் அவர். கையில் கண்ணாடி கிளாஸ், ஆளைவிடப் பெரிசு.

'சிறுவயது ஏக்கம்' என்று ஆலோசகர் நோட்டில் குறித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான். கொட்டாங்கச்சியில் டீ வாங்கித் தரையில் குத்தவைத்துக் குடித்தவர்களைப் பற்றி அவர் படித்த புத்தகம் எதுவும் சொல்லியிருக்காது. எங்க அப்பா அப்படிக் குடித்தவர்.

பக்கத்துப் பையன் கேட்டான்: "டீ ஆத்துற ஆள எங்க பெரியப்பா?"

"அவன் பேரு தெரியும். வரைய மாட்டேன்."

விழாவுக்குச் சுவரில் ஒட்ட மயிலும் கிளியும் தேர்வாயின. இவர் தன் படத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். இவரும் அப்படித்தான். திருட்டு வழக்கு, ஜாமீன் உத்தரவும் ஆகிவிட்டது. சொத்துக் காட்டிக் கையெழுத்துப் போட ரெண்டு பேர் இல்லை. கிரையானால் ஆகிற காரியமில்லை இது. இதைப் படிக்கும் வக்கீல் தோழர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள்.