இரவுக் கணக்கு

கூரைமேல் நாலு பேனலை ஏற்றி இரண்டு ஒயரை மாட்டிவிட்டால் விளக்கு தானே எரிந்துவிட்டுப் போகிறது, இதற்கென்று ஒரு வித்தை உண்டா என்று, திருமங்கலத்துப் பக்கம் நடந்த விவசாயிகள் கூட்டமொன்றில், சரக்கு விற்க வந்திருந்த இளைஞர் ஒருவர் பரிகாசமாகக் கேட்டாராம். கேட்டவருக்கு வயது குறைவு. ஆகையால் அவர்மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது மனம் சற்றுப் புண்பட்டது. ஏனெனில் சிரித்தவர்களில் இரண்டொருவருடைய தோட்டத்துத் தொழுவங்களில் இன்றைக்கும் எரிகிற விளக்குகள் என் கையால் மாட்டப்பட்டவை. ஏணியில் ஏற முழங்கால் சம்மதிக்காத பருவத்துக்கு வந்துவிட்டேன். தொழிலை விட்டு ஒதுங்குமுன் அந்தச் சிரிப்புக்கு விடை சொல்லிவிடுவது நியாயம் என்று தோன்றுகிறது.

மதுரையைச் சுற்றிய சமவெளியில் மின்கம்பம் எட்டாத ஊர் இன்று இல்லை என்பது மெய்தான். ஊருக்குக் கம்பம் வந்துவிட்டதனாலேயே, ஊரைவிட்டு ஒதுங்கி, ஓடைக்கு அப்பால் புன்செய்க் காட்டின் நடுவே கிடக்கிற கொட்டத்துக்கும் அது வந்துவிட்டதாக ஆகாது. 2021-ஆம் ஆண்டில் விவசாயத்துக்குப் புதிதாக ஒரு லட்சம் இணைப்புகள் தருவதாக அரசு அறிவித்தபோது, மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். கம்பம் வாய்த்தவர்களும் 2012-இல் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். பகலும் இரவுமாகப் பாதிநாளுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தென்மாவட்டங்கள் தவித்த காலம் அது. அந்த வருஷத்தில்தான் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துச் சம்சாரிகள், மாட்டுக் கொட்டத்துக்குச் சூரிய விளக்குப் போட முடியுமா என்று என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

சூரிய மின்சாரம் என்றதும் கமுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் சுமார் 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் திறனோடு 2016-இல் எழுந்த அந்த நிலையம் பார்க்கவேண்டிய காட்சிதான். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே பகலில் உண்டானது பகலிலேயே கம்பியில் ஏறி ஊர் ஊராகப் போய்விடுகிறது. பொழுது சாய்ந்ததும் நிலையத்தின் கவலையும் தீர்ந்துவிடுகிறது. கம்பியோடு சேராத தொழுவத்துக்கோ, பொழுது சாய்ந்த பிறகுதான் கவலை ஆரம்பம். எங்கள் தொழிலில் சூரியனைப் பிடிப்பது அற்பக் காரியம். பிடித்ததை விடியும்வரை கைவிடாமல் வைத்திருப்பதே பெரிய காரியம். இந்த ஒன்றை அறியாதவர்களுக்குத்தான் இது நாலு பேனல், இரண்டு ஒயர் விவகாரமாகத் தோன்றுகிறது.

பசுவின் நித்திய கர்மங்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கூட்டுறவுச் சங்கத்தில் காலைப்பாலை நேரத்தோடு ஊற்ற வேண்டுமானால், விடிவதற்கு முன்பே, நாலு நாலரைக்கெல்லாம் மடியில் கை வைத்தாக வேண்டும். ஆகவே ஒரு தொழுவத்துக்கு வெளிச்சம் மிக அவசியமான முகூர்த்தம், பேட்டரி இரவு முழுவதும் செலவழித்து மிகவும் களைத்திருக்கும் அதே முகூர்த்தமாக அமைந்துவிடுகிறது. வீட்டு விளக்கு முன்னிரவில் எரிந்து அணைகிறது. கடை விளக்கு பத்து மணிக்கு அணைகிறது. தொழுவத்து விளக்கு ஒன்றே இரவின் கடைசி நாழிகையில் தன் யோக்கியதையைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு மேல், கலப்பினப் பசுவுக்கு நம் ஊர்ப் புழுக்கமும் கொசுவும் தாங்காது. மின்விசிறி இல்லாவிட்டால் பால் குறையும்.

ஆறு மாடு கட்டுகிற கொட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். 9 வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம். 35 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம். கூட்டினால் 880 வாட்-மணி. பேட்டரியில் போட்டு எடுக்கும்போதும் இன்வெர்ட்டரிலும் தேய்வதைச் சேர்த்தால் 1,100, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். கடைக்காரப் பையன், தமிழ்நாட்டில் நாளொன்றுக்குச் சராசரி ஐந்தரை மணி முழு வெயில் என்று படித்திருக்கிறான், 200 வாட் பேனலை ஐந்தரையால் பெருக்குகிறான், 1,100 வருகிறது, மனநிறைவோடு பில் போட்டுவிடுகிறான். கணக்கில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் சராசரி வெயிலில் எந்தப் பசுவும் கறப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நாகமலையை மூடிக்கொண்டு இறங்குகிற நாட்களில் மூன்றரை மணி கிடைத்தால் பாக்கியம். அடைமழையில் ஒரு மணி கிடைப்பதும் அரிது. அந்த மூன்றரைக்குக் கணக்கிட்டு, தூசிக்கும் சூட்டுக்கும் ஒயருக்கும் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினால், வேண்டியது 400 வாட். இரட்டிப்பு. இன்றைய கிரயத்தில் பேனலைக் கூட்டுவது பேட்டரியைக் கூட்டுவதைவிட மலிவு என்பதை நினைக்கையில், இந்தக் கஞ்சத்தனத்துக்கு அறியாமையைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்தக் கலாசாலையிலும் படித்தவரல்லர். சிம்மக்கல் பக்கத்தில் ஒரு சந்துக்குள், லாரி பேட்டரிகளைப் பிரித்துத் தட்டு மாற்றிக் கொடுக்கிற சிறிய கடை வைத்திருந்தார். அமிலம் தெறித்துத் தெறித்துச் சல்லடையாகிப்போன வேட்டியும், ஈயம் உருக்கிக் காய்த்த விரல்களுமாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அவரிடம் ஒரு சாஸ்திரம் இருப்பதாகத் தோன்றாது. நான் அவரை ‘அண்ணே’ என்று அழைப்பேன். அவர் மனம் குளிர்ந்திருந்தால் ‘தம்பி’ என்பார், இல்லாவிட்டால் ‘ஏய்’ என்பார். பேனல் என்ற வஸ்துவை அவர் மதித்ததே கிடையாது. அது 1954-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்றும், நம் நாட்டில் சாகிபாபாத்திலே சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற அரசு நிறுவனத்தார் அதன் செல்லை 1977-இல் செய்தார்கள் என்றும் நான் படித்ததைச் சொன்னால், “அது கண்ணாடிடா, துடைச்சா போதும். இது வயித்தைப் பார்த்துச் சோறு போடணும்” என்று பேட்டரியின் தலையில் தட்டுவார். பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் கண்ட அந்த ஈயமும் அமிலமும்தான் இன்றுவரை தொழுவங்களில் பெரும்பாலும் உழைக்கின்றன என்பதை அறிந்தபின், அவருடைய பட்சபாதத்தில் நியாயம் இருப்பது எனக்குத் தெரிந்தது.

கிராவிட்டி, அதாவது அமிலத்தின் அடர்த்தி, பார்க்காத பேட்டரியைப் பற்றி அவரிடம் வாய் திறக்கக் கூடாது. வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்து 12.6 இருக்கிறது என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறு செல்லையும் தனித்தனியே ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சிப் பார்த்து, ஒவ்வொன்றின் எண்ணையும் பேட்டரியின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுத வேண்டும். சார்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு பார்க்கக் கூடாது. ஆறவைத்துப் பார்க்க வேண்டும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய உடனே பார்க்கக் கூடாது. புதுத் தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டு பொய் சொல்லும். வெயில் காலத்தில் கூடுகிற ஒவ்வொரு பத்து டிகிரிச் சூட்டுக்கும் ஏழு புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டும். லாரி பேட்டரிக்கு 1270 என்பது நிறைவு. டியூபுலர் பேட்டரிக்கு 1240 வந்தாலே நிறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல டியூபுலரைக் கெட்டுவிட்டதென்று கழித்துக்கட்டியவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே துக்கம் உண்டாகும். ஆறு எண்களில் ஐந்து ஒத்திருந்து ஒன்று மட்டும் முப்பது புள்ளி இறங்கியிருந்தால், அந்த ஒன்றைச் சுட்டு விரலால் தொட்டுவிட்டு, நான் காரணம் சொல்லும்வரை வேறு வேலைக்குப் போகவிட மாட்டார். மாதக்கணக்கில் இப்படி எழுத வைத்தார். கடையில் வேறு என்ன கற்றுக்கொண்டேன் என்று யாராவது கேட்டால், வேறொன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதுவே போதுமானதாக இருந்தது.

அவர் சொன்ன வாக்கியம் ஒன்றை இந்தத் தொழிலின் சூத்திரமாகவே நான் கொண்டிருக்கிறேன்: “பேட்டரி சாகுறது கார்த்திகையில, நாத்தம் வெளிய வர்றது தையில.” இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். மழைக்காலத்தில் பேட்டரி ஒரேயடியாகத் தீர்ந்துவிடுவதில்லை. கொஞ்சம் சார்ஜ் ஏறுகிறது, அதை அன்றிரவே செலவழிக்கிறோம், மறுநாளும் அப்படியே. விளக்கு எரிவதால் வீட்டுக்காரர் திருப்தியாக இருக்கிறார். ஆனால் வாரக்கணக்கில் நிறையாமலே கிடக்கிற தட்டுகளில் ஈயச் சல்பேட் படிந்து, படிந்தது இறுகிக் கல்லாகிவிடுகிறது. தை பிறந்து வெயில் திரும்பியபின் அந்தக் கல்லைக் கரைக்கச் சூரியனால் ஆவதில்லை. அப்போதுதான் விளக்கு விடியுமுன் அணைய ஆரம்பிக்கிறது. அப்போதுதான் எங்களுக்குப் பழி வருகிறது. மழையில் எரிந்த விளக்கு வெயிலில் எரியவில்லையே என்று கேட்கிற சம்சாரிக்கு என்ன பதில் சொல்வது? இதற்குப் பரிகாரம் முன்கூட்டியே செய்யவேண்டியது: மழை விட்ட முதல் நல்ல வெயிலில் மாட்டுக்காரரிடம் கெஞ்சி ஓரிரண்டு இரவு விசிறியை நிறுத்தி வைத்து, 15 வோல்ட்டைத் தாண்டவிட்டு, ஆறு செல்லும் ஒன்றுபோலக் கொதிக்கும்வரை ஈக்குவலைஸ் கொடுக்க வேண்டும். கார்த்திகைத் தீபத்துக்கு மறுவாரம் நான் தொழுவம் தொழுவமாக அலைந்ததெல்லாம் இதற்காகத்தான். அதற்குக் கூலி கேட்டால், “எரியுற விளக்குக்கு எதுக்குய்யா வைத்தியம்?” என்பார்கள்.

மற்றவை சிறு விஷயங்கள். சிரத்தை உள்ளவனுக்குத் தாமே தெரியவரும். ஆயினும் இளைஞர்கள் அவற்றையும் விட்டுவிடுகிறார்கள். மதுரை பத்துப் பாகையை ஒட்டி இருப்பதால், சித்திரை பிறந்த சில நாட்களிலிருந்து ஆவணியின் முதல் பாதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து செல்கிறது. வைகாசியில் வந்து இடம் பார்த்துப்போகிறவன், தெற்கே நிற்கிற வேப்பமரத்தின் நிழல் அப்பால் விழுவதைக் கண்டு நிம்மதியாகப் பேனலை மாட்டிவிடுகிறான். மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கியதும் அதே மரம் பேனலின் மேல் நிழலை விரிக்கிறது. ஒரு மூலையில் விழுந்த நிழல் அந்த மூலையோடு நிற்பதில்லை, தொடர்ந்து கோத்த செல்கள் அனைத்தையும் இழுத்துப் போடுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்தவர்களும் மரத்தடியில் மறந்துவிடுகிறார்கள்.

பேனலைத் தகரக் கூரையோடு ஒட்டப் படிய வைத்து முடுக்குகிறார்கள். அடியில் காற்றோடாவிட்டால் பங்குனி வெயிலில் பேனல் 65 டிகிரிக்கு ஏறும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.4 பங்கு போனால், ஆறில் ஒரு பங்கு கூரையிலேயே போய்விட்டது. மேலூர்ப் பக்கமானால் கல்குவாரித் தூசி. எங்கும் மயிலும் எலியும் செய்கிற சேதம். 12 வோல்ட்டில் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் ஒயரை இருபது மீட்டர் இழுத்து, பத்து ஆம்பியருக்கு ஐந்து வோல்ட் வரை வழியிலேயே பறிகொடுத்துவிட்டு, பேனல் கம்பெனியைத் திட்டுகிறவர்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரித்துப் பச்சை பூக்க வைக்கும். முறுக்கி டேப் சுற்றின இணைப்பு தொழுவத்தில் நீடிக்காது. வைக்கோற்படப்பின் கீழே, வாயு வெளியேற வழியில்லாத மூலையில், ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியை வைத்திருப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம் வருகிறது.

லித்தியம் வந்துவிட்டது, இனிமேல் உங்கள் கிராவிட்டியும் கொதிப்பும் எதற்கு என்கிறார்கள். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் நல்ல பேட்டரிதான்; நிறையாமல் கிடந்தாலும் கல்லாகாது, தண்ணீர் கேட்காது. விலை இறங்க இறங்கத் தொழுவமெல்லாம் அதுவே வரும், வரட்டும். ஆனால் ஈயப் பேட்டரி தீர்ந்து வருகையில் வெளிச்சம் மங்கி முன்னறிவிப்புக் கொடுக்கும். லித்தியமோ கடைசிவரை ஒரே சீராக எரிந்துவிட்டு, உள்ளே இருக்கிற காவல் பலகை கதவைச் சாத்தியதும் ஒரே நொடியில் இருட்டாகிவிடும். இரவுக் கணக்கைத் தவறாகப் போட்டவனுக்கு எந்த ரசாயனமும் உபகாரம் செய்வதில்லை. தவறு வெளிப்படும் விதந்தான் மாறுகிறது.

2011-இல் தமிழக அரசு சூரிய விளக்கோடு கூடிய பசுமை வீடுகளை ஏழைகளுக்குக் கட்டத் தொடங்கி, 300 சதுர அடி வீடொன்றுக்கு ஐந்து விளக்கு என்று கொடுத்தபோது, நான் அறிந்த பையன்கள் சிலர் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். கைச்சுறுசுறுப்பு உள்ளவர்கள், என்னைவிட விரைவாக ஏணி ஏறுவார்கள், போனிலேயே திசையும் சாய்வும் பார்த்துவிடுவார்கள். மாட்டிய பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை என்பதே அவர்கள்மேல் எனக்குள்ள குறை. மாட்டிய அன்றே எடுத்த படம் இருந்தால் பணம் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த தையில் அந்தத் தொழுவம் என்னவாயிற்று என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் வித்தை எப்படித் தங்கும்?

ஆகவே, விலை விசாரிக்கப் போகும் சம்சாரிகளுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். எத்தனை வாட், எத்தனை வருஷ வாரன்ட்டி என்பதைப் பிறகு கேளுங்கள். கார்த்திகை மாதத்தில், மூன்று நாள் மூடம் போட்ட பிறகு, விடியற்காலை நாலு மணிக்கு என் தொழுவத்தில் என்ன எரியும் என்று முதலில் கேளுங்கள். அதற்கு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவனிடம், அவன் இருபது வயதுப் பையனாக இருந்தாலும் சரி, வேலையை ஒப்படையுங்கள். அவன் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.